உரக்கணக்குக்காக அளந்த மழை: உல்துனாவும் அமில மழையின் வரலாறும்

ஸ்வீடனின் உப்சாலா நகருக்குத் தெற்கே உல்துனா என்னும் இடம் உள்ளது. ‘உல்’ என்ற பழைய நார்டிக் தெய்வத்தின் பெயர் இவ்விடப்பெயரின் முதற்பகுதியாக நிற்கிறது என்பர் இடப்பெயர் ஆய்வாளர். 1848-இல் அங்கு ஒரு வேளாண் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. 1932-இல் அது உயர்கல்லூரியாயிற்று. இன்று அவ்விடம் ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம். ‘அமில மழை’ என்ற தொடர் பன்னாட்டு அரசியலின் சொல்லாக மாறியதில் இவ்வளாகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. முற்றிலும் வேறொரு கேள்விக்காகத் திரட்டிய தரவுகளே அதற்கு அடிப்படையாக அமைந்தன.

இப்பல்கலைக்கழகத்துக்கு மூன்று வேர்கள் உண்டு. முதலாவது கால்நடை மருத்துவம். லின்னேயஸின் மாணவரான பேட்டர் ஹெர்ன்க்விஸ்ட், பிரான்சின் லியோன் நகரில் அப்போதுதான் தோன்றியிருந்த கால்நடை மருத்துவப் பள்ளியில் பயின்று திரும்பி, 1775-இல் ஸ்காரா என்னும் ஊரில் ஒரு பள்ளியை நிறுவினார். இரண்டாவது வனவியல், அதற்கான கல்விக்கூடம் 1828-இல் ஸ்டாக்ஹோமில் அமைந்தது. மூன்றாவது உல்துனாவின் வேளாண்மை. இம்மூன்றும் 1977-இல் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. ஸ்வீடிய மொழிப் பெயரில் உள்ள ‘லாந்த்புரூக்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘நிலத்தின் பயன்பாடு’ என்ற பொருள் கிடைக்கும். வயல், காடு, கால்நடை ஆகிய மூன்றையும் தாங்கும் அகலம் அச்சொல்லுக்கு உண்டு. ஆனால் மழையும் காற்றும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாக மாறிய வரலாறு இணைப்புக்கு முப்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

1940-களின் பிற்பகுதியில், உல்துனா வேளாண் கல்லூரியின் மண்ணியலாளர் ஹான்ஸ் எக்னேர் ஸ்வீடனின் பல இடங்களில் மழைநீர் சேகரிக்கும் கலன்களை வைத்தார். அவருடைய நோக்கம் முழுக்க வேளாண்மை சார்ந்தது. பயிருக்கு வேண்டிய நைட்ரஜன், கந்தகம், பொட்டாசியம், கால்சியம் முதலியவற்றை உழவர் இடும் உரம் மட்டும் தருவதில்லை. ஒரு பகுதி வானிலிருந்தும் இறங்குகிறது. அப்பகுதி எவ்வளவு என்று தெரிந்தால்தான் உரக்கணக்கு சரியாக அமையும். ஆகவே மாதந்தோறும் நீர் மாதிரிகள் திரட்டப்பட்டு, அவற்றில் கரைந்திருந்த பொருள்களும் நீரின் அமிலத்தன்மையும் அளக்கப்பட்டன.

1950-களில் இவ்வலையமைப்பு அண்டை நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. ஸ்டாக்ஹோமின் வானிலையியலாளர்கள் கார்ல்-குஸ்தாவ் ரோஸ்பியும் எரிக் எரிக்சனும் இதில் ஈடுபட்டனர். வளிமண்டலத்தில் வேதிப்பொருள்கள் எவ்வாறு பயணம் செய்கின்றன என்பதே அவர்களின் கேள்வி. கலன்கள் அவையேதான்; ஆனால் அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்வி இப்போது இரண்டாயிற்று.

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் உல்துனாவின் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன். 1961-இல் அவர் ஏரி, ஆற்று நீரின் வேதியியலைக் கண்காணிக்கும் வலையமைப்பு ஒன்றையும் தொடங்கியிருந்தார். ஸ்காண்டிநேவியாவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் மீன்கள் அருகிவந்த காலம் அது. மழைநீர், மேற்பரப்பு நீர் ஆகிய இரு தொடர்ப்பதிவுகளையும் வானிலைத் தரவுகளோடு ஓடேன் ஒப்பிட்டார். மழையின் அமிலத்தன்மை ஆண்டுக்காண்டு கூடிவந்ததும், அமில மழைப் பரப்பு விரிந்துவந்ததும், காற்றின் போக்கைப் பின்தொடர்ந்தால் கந்தகத்தின் பிறப்பிடம் பிரிட்டனையும் நடு ஐரோப்பாவையும் சுட்டியதும் தெளிவாயின. 1967 அக்டோபரில் ‘டாகென்ஸ் நிஹேத்தர்’ நாளிதழில் அவர் இதை வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகள் தமக்குள் ஒரு வேதியியல் போரை நடத்திக்கொண்டிருக்கின்றன என்னும் பொருள்பட அவர் எழுதியது பெரும் அதிர்வை உண்டாக்கியது.

‘அமில மழை’ என்ற தொடர் ஓடேனின் ஆக்கம் அன்று. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மான்செஸ்டரின் மழையை ஆராய்ந்து அதைக் கையாண்டிருந்தார். ஆனால் ஸ்மித்தின் அமில மழை பெரும்பாலும் ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களைப் பற்றியது. புகை எங்கே எழுந்ததோ அங்கேயே அதன் தீங்கும் விழுந்தது. ஓடேனின் அமில மழை எல்லை கடந்தது. ஓர் ஊரில் ஓராண்டு அளந்தால் இந்த உண்மை புலப்படாது. கண்டம் முழுவதும் பரவிய நிலையங்களும், பல ஆண்டுகள் விடாது நீண்ட பதிவும் அதற்கு வேண்டியிருந்தன.

ஸ்காண்டிநேவியா மிகுதியாகப் பாதிக்கப்பட்டதற்கு அதன் நிலமும் காரணம். அங்குப் பல பகுதிகளில் கருங்கல் பாறையின்மேல் மெல்லிய மண்ணே படர்ந்துள்ளது. அமிலத்தை ஈடுசெய்யும் சுண்ணாம்புச் சத்து குறைவு. அமிலநீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுசேர்க்க, அது மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சைத் தடுக்கிறது. தன் ஊர்க் காற்றைத் தூய்மையாக்க ஒரு நாடு உயர எழுப்பிய புகைபோக்கிகள், புகையை மற்றொரு நாட்டின் ஏரிகளுக்கு அனுப்பிவைத்தன.

மனிதச் சூழல் பற்றிய ஐ.நா. மாநாட்டை நடத்தலாம் என்று ஸ்வீடன் 1968-இல் முன்மொழிந்தது. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் மாநாடு கூடியபோது, நாட்டெல்லை கடக்கும் கந்தக மாசு குறித்து பெர்ட் போலின் தலைமையில் உருவான ஆய்வறிக்கையை ஸ்வீடன் அதன் முன்வைத்தது. அம்மாநாட்டில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி உரையாற்றினார். இந்தியாவின் 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் தன் முகப்புரையிலேயே அம்மாநாட்டைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் 1979-இல் நெடுந்தொலைவுக் காற்று மாசு உடன்படிக்கை ஜெனீவாவில் உருவாயிற்று. கந்தக வெளியீட்டை 30 விழுக்காடு குறைக்கும் நெறிமுறை 1985-இல் ஹெல்சிங்கியில் கையெழுத்தாயிற்று. பிரிட்டன் அதில் கையெழுத்திடவில்லை. ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் கந்தக வெளியீடு பெருமளவு குறைந்தது.

உல்துனாவில் இது தனி நிகழ்வும் அன்று. ஸ்வீடனின் தேசிய வனக் கணக்கெடுப்பு 1923-இல் மரவளத்தை அறியத் தொடங்கியது. இன்று இப்பல்கலைக்கழகம் நடத்தும் அதே கணக்கெடுப்பு, காடுகள் ஏற்கும் கரியமில வாயுவைக் கணக்கிடப் பயன்படுகிறது. மண்ணில் இடும் கரிமப் பொருள்கள் மண்வளத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று அறிய 1956-இல் உல்துனாவில் தொடங்கிய வயல் சோதனை, இப்போது மண்ணின் கார்பன் இருப்பைப் பற்றிப் பேசுகிறது. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு தொடர்ச்சியான சுற்றுச்சூழல் கண்காணிப்பும் இப்பல்கலைக்கழகத்தின் சட்டப்படியான கடமை. பிற பல்கலைக்கழகங்களைப் போலக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்காமல், ஊரக, வேளாண் துறைகளைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் இது இயங்குகிறது.

தரவு திரட்டுதலை எழுத்தர் பணியாகவும், அதை விளக்குதலை மட்டும் ஆராய்ச்சியாகவும் கருதும் வழக்கம் பல கல்விநிறுவனங்களில் உண்டு. மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு நிதி கிடைக்கிறது. இருபதாம் ஆண்டில் பொருள்தரும் பதிவுக்கு அரிதாகவே கிடைக்கிறது. உரக்கணக்கு போதும் என்று 1955-இல் யாரேனும் அக்கலன்களை அகற்றியிருந்தால், 1967-இல் ஓடேனிடம் மீன் குறைந்தது பற்றிய செய்தி மட்டுமே இருந்திருக்கும். ஒப்பிட்டுக் காட்ட ஒரு மழையும் இருந்திராது.