காசிப் பயண மூட்டை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழத் தொடங்கினால் நம் பக்கத்தில் யாத்திரைப் பேச்சும் தொடங்கிவிடும். இந்த வருடம் நண்பர்கள் சிலர் முதல் முறையாக டூரிஸ்ட் பஸ்ஸில் காசிக்குக் கிளம்புகிறார்கள். "என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று என்னைக் கேட்டார்கள். நம் முன்னோர் என்னென்ன எடுத்துப் போனார்கள் என்று யோசித்ததில் இந்தக் கட்டுரை வந்தது.

அமெரிக்காவில் பனி கொட்டும் மாநிலங்களில் இருக்கும் ஓய்வுபெற்றவர்கள் பலர், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே வெயில் ஊர்களில் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். நாம் நேர்மாறு. வெயிலில் பிறந்து வளர்ந்து, வயதான காலத்தில் குளிரடிக்கும் வடக்கைத் தேடிப் போகிறோம்.

ரயிலுக்கு முன்னால் காசிப் பயணம் என்பது மாதக்கணக்கு. வழியிலேயே இறந்தவர்கள் பலர். அவர்கள்மேல் இரங்கியே பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான் என்று தென்காசித் தலவரலாறு சொல்கிறது. 1446ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பணி அது. மூட்டை கட்ட முடியாதவர்களுக்காகக் காசியையே இங்கே கொண்டுவந்துவிட்டான் பாண்டியன். அந்த ஆறுதான் நம் வீரகேரளம்புதூரையும் தொட்டு ஓடுகிறது.

வசதி உள்ளவர்கள் எப்படிப் போனார்கள் என்பதற்கு ஏனுகுல வீராசாமியின் தெலுங்கு நூல் நல்ல சாட்சி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3ஆம் தேதி திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேல்! கூட வந்தவர்கள் சுமார் நூறு பேர். பல்லக்கு, கூடாரம், பல்லக்குத் தூக்கிகள் என்று ஒரு சிறிய ஊரே நகர்ந்து போனது.

நம்மைப் போன்றவர்களுக்குக் கூண்டு வண்டிதான் பயண வீடு. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயும் ஜமுக்காளமும். பகலில் உட்காரும் இடம். இரவில் பெண்களும் பிள்ளைகளும் படுக்கும் இடம். ஆண்கள் வண்டிக்கு அடியில் படுப்பார்கள். வண்டிக்கென்று தனி மூட்டை உண்டு: மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, அச்சுக்கு மசை, மாற்றுக் கடையாணி, அடியில் தொங்கவிட ஓர் அரிக்கேன் விளக்கு. ஒரு கடையாணி கழன்று விழுந்தால் சக்கரமே கழன்றுவிடும். அந்தச் சின்ன இரும்புத் துண்டை மறந்தவன் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். இன்றைய ஸ்டெப்னி டயருக்கு அதுதான் பாட்டனார்.

மனிதருக்கான மூட்டையில் முதல் இடம் கயிற்றுக்கும் செம்புக்கும். போகிற ஊரில் கிணறு இருக்கும். இறைக்க வாளி இருக்காது. அடுத்தது கட்டுச்சோறு. புளியோதரை இரண்டு நாள் தாங்கும். அது தீர்ந்தபின் அவல், கருப்பட்டி, பொரிவிளங்காய் உருண்டை. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். மருந்துப் பெட்டி என்பது சுக்கு, மிளகு, ஓமம், கொஞ்சம் பெருங்காயம். அரிசி, பருப்பைச் சுமக்க வேண்டிய தேவையைக் குறைத்தவை சத்திரங்கள். ராணி மங்கம்மாள் கட்டியவை தொடங்கி, நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியிலேயே எழுப்பியது வரை நீண்ட வரிசை அது. வழியில் சத்திரம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் மூட்டையின் எடையைப் பாதியாக்கியது.

காசி மூட்டையில் ஒரு விசேஷப் பொருள் மணல். முதலில் ராமேசுவரம் போய் சேது மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. போகும்போது தெற்கை வடக்கே சுமந்தார்கள்; வரும்போது வடக்கைத் தெற்கே.

குறைந்த தூரப் பயணத்திலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். சபரிமலைக்குக் கட்டும் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் சாமிக்கு நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும். பின்முடியில் வழிக்குத் தேவையான அரிசியும் பருப்பும். நடக்க நடக்கப் பின்முடி குறைந்து, ஏற்றம் கடினமாகும்போது சுமை லேசாகும். இதைவிடச் சிறந்த பொருள் பட்டியலை நான் பார்த்ததில்லை.

பாட்டும் ஒரு பயணப் பொருள்தான். நம்மூரில் இருந்து ஆண்ட ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியதே காவடிச் சிந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர் நடைக்குக் கால் வலி தெரியாமல் இருக்க எடையே இல்லாத மருந்து.

1903ல் ரயில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு வந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்தது. 1927ல் விருதுநகர் பாதையும் சேர்ந்தது. மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. மூட்டை டிரங்குப் பெட்டியாகவும் ஹோல்டாலாகவும் மாறியது, செம்பு கூஜாவானது. எங்கள் ஆச்சி ரயிலில் காசிக்குப் போய் வந்தவள். எழும்பூரில் இறங்கி, சாமான்களோடு சென்ட்ரலுக்குப் போய் வண்டி மாற வேண்டும். அதனால் அவள் சொன்ன விதி ஒன்றே ஒன்று: "ஏல, ஒன்னால தூக்க முடியாததக் கட்டாத." போர்ட்டர் கிடைக்காத இடத்தில்தான் அதன் அருமை தெரியும்.

பிறகு வந்தது டூரிஸ்ட் பஸ். சமையல்காரர், அண்டா, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். விடியற்காலையில் ஒரு பம்புசெட் பக்கம் நிறுத்தினால் குளியல், காப்பி, இட்லி மூன்றும் முடிந்துவிடும். கூண்டு வண்டி திரும்ப வந்தது போலத்தான்.

ஆனால் அடுப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். விதியை மீறி ஏற்றிய கேஸ் சிலிண்டர்தான் காரணம். நம்மைப் போலவே சொந்தச் சமையலை நம்பிக் கிளம்பியவர்கள். ரயிலில் சிலிண்டர் கூடவே கூடாது. பஸ்ஸிலும் ஆட்கள் இருக்கும்போது உள்ளே அடுப்புப் பற்றவைக்க விடாதீர்கள். இதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்.

மார்கழியில் காசியின் இரவுக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். குற்றாலச் சாரலைக் கண்டு போர்வை தேடுகிறவர்கள் நாம். ஆகவே கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லா, காலுறை மூன்றும் அவசியம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களைவிடப் பத்து நாள் கூடுதலாக வாங்கி, இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். டாக்டர் சீட்டின் நகல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்தில் காசிக்குக் கிளம்புகிறவர்கள் கடனை அடைத்து, சொத்தைப் பிரித்து எழுதி, உறவுகளிடம் மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துவிட்டே வாசல்படி இறங்குவார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால் வந்த வழக்கம். இன்று இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம். ஆனாலும் நம் வயதில் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். நீண்ட நாள் பேசாதிருக்கும் தம்பிக்கோ மகனுக்கோ கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள். அதற்கு மூட்டையில் இடம் தேவையில்லை.