மட்டாஞ்சேரி மிளகும் மோட்டார் உதிரிச் சாமானும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு மூட்டை மிளகு கைமாறுவதற்கு முன்னர் எத்தனை சோதனைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை நேரில் கண்டோர் அறிவர். கையில் அள்ளிப் பார்ப்பார்கள். விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். பல்லில் வைத்துக் கடிப்பார்கள். நீரில் இட்டு எது மிதக்கிறது, எது அமிழ்கிறது என்றும் பார்ப்பார்கள். முற்றிய மிளகு அமிழும். சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். சலித்துத் தூய்மை செய்த மிளகுக்கு உலகச் சந்தையில் வழங்கும் 'கார்பிள்டு' என்னும் பெயரே சல்லடையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விளைபொருள்களுக்கு அக்மார்க் முத்திரையைத் தந்தது. 1957-ல் இவ்வூரிலேயே மிளகு வணிகர்களின் சங்கம் ஒன்று தோன்றி, தர விதிகளோடு முன்பேர வாணிபத்தை நடத்தலாயிற்று. இத்தனைக்குப் பின்னும் ஏமாற்று ஒழிந்துவிடவில்லை. பளபளப்புக்காகக் கனிம எண்ணெய் பூசிய மிளகு என்று ஐயுற்று, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சி வட்டாரக் கிடங்குகளில் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகை அதிகாரிகள் முத்திரையிட்டு நிறுத்திவைத்தனர். ஆயினும், போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இங்கே இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அந்த மிளகைச் சுமந்து வரும் வண்டியின் செய்தி வேறு. இடுக்கி மலைச் சரக்கு குமுளி, பீருமேடு வழியாகக் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி இறங்கி வரவேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக் கொண்டு வரும் அந்த ஓட்டுநரின் உயிர், கட்டை விரல் அளவேயுள்ள ஒரு ரப்பர்க் கிண்ணத்தையும் சில இரும்புத் துண்டுகளையும் நம்பியிருக்கிறது. அவற்றை நசுக்கிப் பார்ப்பாரும் இல்லை. கடித்துப் பார்ப்பாரும் இல்லை. அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரே அவற்றுக்குச் சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இக்கடைத்தெருவை அடுத்த ஒரு பட்டறையின் வாசலில் காத்திருக்க நேர்ந்தது. கம்பத்திலிருந்து வந்த சிறு சரக்கு வண்டி ஒன்று அங்கே நின்றது. திரும்பும் சக்கரங்களோடு ஸ்டியரிங்கை இணைக்கும் தண்டின் முனையில் ஒரு பந்து மூட்டு உண்டு; அது ஆடிப் போயிருந்தது. கடைப் பையன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே படம். விலையோ ஒன்றுக்கு மற்றொன்று பாதி. பட்டறைக்காரர் தொலைபேசியில் முதலாளியைக் கேட்டார். விலை குறைந்ததையே போடும்படி பதில் வந்தது. ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஒரே தோற்றமுள்ள இரு பொருள்களில் ஒன்று உயிரைக் காப்பதும் மற்றொன்று வாங்குவதும் எப்படி வந்தது? இதன் தொடக்கம் ஒரு பெரும் சாதனையில் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கலாம். மோட்டார் வண்டியின் இளமைக் காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளி அரத்தால் அராவி, அந்தந்த வண்டிக்குப் பொருத்துவான். ஒரு வண்டியின் பல்சக்கரம் அதே நிறுவனத்தின் மற்றொரு வண்டியில் அப்படியே பொருந்தும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1908-ல் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் ஓட்டப் பாதையில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பார் மேற்பார்வையில், அமெரிக்காவின் காடிலாக் கார்கள் மூன்றை முற்றிலும் பிரித்துப் பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தனர். அக்குவியலிலிருந்து 89 பாகங்களை நீக்கிவிட்டு, அவற்றுக்கு ஈடாக விற்பனையாளரின் கையிருப்பிலிருந்து புதியவற்றைச் சேர்த்தனர். பிறகு மூன்று கார்களையும் பூட்டி 500 மைல் ஓட்டினர். மூன்றும் குறைவின்றி ஓடின. காடிலாக்கிற்கு டூவர் கோப்பை கிடைத்தது.

அன்றிலிருந்து உதிரிப் பாகம் தனிச் சரக்காயிற்று. டெட்ராய்ட்டில் செய்ததைத் தேவகோட்டையில் மாட்டலாம் என்ற வசதி வந்தது. அவ்வசதியோடு கூடவே, பொருந்துவது எதுவாயினும் நல்லதே என்ற மயக்கமும் வந்தது. அளவை ஒத்திருக்கச் செய்வது எளிது. குணத்தை ஒத்திருக்கச் செய்வது அரிது. போலிச் சரக்குக்காரன் பிழைப்பதெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில்தான்.

நம் நாட்டில் இந்த இடைவெளி அகன்றதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. 1911-ல் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார், அடுத்த ஆண்டே மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் டயர்களைக் கிழித்ததால், காந்தம் பூட்டிய வண்டியை முன்னே அனுப்பிச் சாலையிலிருந்து அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்பது மதுரைப் பக்கத்தில் இன்றும் பேசப்படும் செய்தி. டயர் ஒன்று கிழிந்தால் மாற்று டயர் கடல் கடந்தல்லவா வரவேண்டும்! திருவிதாங்கூர் அரசு 1938-ல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோதும், காமர் அடிச்சட்டங்களும் பெர்க்கின்ஸ் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. கூடு மட்டும் உள்ளூரில் கட்டப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் கப்பல்களை நிறுத்தியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்புறத்தில் கரி அடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டிய காலம் அது. உதிரிச் சாமானுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, லேத் வைத்திருந்த ஒவ்வொரு பட்டறையும் ஒரு சிறு தொழிற்சாலையாயிற்று. போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. 1926-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு நிறுவனமும், 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்சும், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுடையோர்க்கே இடம் என்று அரசு 1953-ல் முடிவு செய்ததை ஒட்டி வெளியேறின. நிறுவனங்கள் போய்விட்டன; அவற்றின் வண்டிகள் போகவில்லை. தாயற்ற பிள்ளைகளைப் போல் அவை பல்லாண்டுகள் நம் சாலைகளில் ஓடின. அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத லேத் தொழிலாளர்களே. உடைந்த வண்டியின் உறுப்புகளைக் கழற்றி ஓடும் வண்டிக்கு ஈந்த சென்னைப் புதுப்பேட்டை, கல்கத்தா மல்லிக் பஜார் போன்ற இடங்களும் அவ்வகையில் நாட்டுக்குத் தொண்டு செய்தவையே. இதைச் சிலர் இழிவாகப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. வறிய நாடு தன் கைத்திறமையால் நடந்த காலம் அது.

ஆனால், அத்திறமை நமக்கு ஒரு தீய பழக்கத்தையும் கற்றுக் கொடுத்துவிட்டது. 'போட்டால் பொருந்துகிறதா? அது போதும்' என்பதே அது. லேத்தில் கடைந்து சரிசெய்யக்கூடிய பாகங்கள் உண்டு, கூடாதவையும் உண்டு. கதவுக் கீலைக் கடையலாம். ஸ்டியரிங் முனையின் பந்து ஊசியைக் கடையலாகாது. அது அடித்து உருவாக்கிய எஃகினால் ஆகி, மேற்பரப்பு தேயாதபடி கடினமாகவும் உள்ளே முறியாதபடி உறுதியாகவும் இருக்குமாறு சூடேற்றிப் பதப்படுத்தப்பட வேண்டும். சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து மெருகேற்றினால் கண்ணுக்கு அதேபோல் இருக்கும். முதல் மாதம் அதேபோல் ஓடவும் செய்யும். பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில், ஏதோ ஒரு வளைவில், சக்கரம் ஒரு பக்கமும் ஸ்டியரிங் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

பிரேக்கின் கதை இன்னும் நுட்பமானது. அந்நாளைய லாரிகளிலும் இந்நாளையக் கார்களிலும் சிறு வண்டிகளிலும், மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது கிளைக்கால் வகைத் திரவம். அதனோடு விலை மலிந்த கனிம எண்ணெய் கலந்தால், அதற்கென அமைந்த ரப்பர்க் கிண்ணங்கள் ஊதிப் பெருத்துக் கெடும். மிளகைப் பளபளக்கச் செய்வதற்கென்று பூசும் அதே வகை எண்ணெய், பிரேக்குக் குழாய்க்குள் நஞ்சாகிறது. இன்னொரு குணமும் அத்திரவத்துக்கு உண்டு. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். கொச்சியின் உப்பங்காற்றில் வாய் திறந்து கிடந்த டப்பாத் திரவத்தை ஊற்றி மலைச் சரிவில் இறங்கினால், சூட்டில் நீர் ஆவியாகி, மிதிக்கும் கால் வெறுமையில் அமிழும். அதுபோலவே போலி பிரேக் லைனிங்கும் சமவெளியில் நன்றாகத்தான் பிடிக்கும்; சூடேறிய பின் பிடியைக் கைவிடும். முண்டக்கயம் இறக்கம்தான் அதற்குத் தேர்வு. அத்தேர்வை எழுதுபவர் ஓட்டுநர்.

உள்நாட்டில் நல்ல பாகங்கள் செய்வதற்கான முயற்சிகள் இதற்கிடையே சென்னையில் வேரூன்றின. 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. 1929 முதல் வண்டிகளையும் பாகங்களையும் விற்று வந்த ராணே நிறுவனம், 1960-ஐ ஒட்டி ஸ்டியரிங் இணைப்புகளைத் தானே செய்யத் தொடங்கியது. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-லும், லூகாஸ் டி.வி.எஸ். 1961-லும், பிரேக்ஸ் இந்தியா 1962-லும் அமைந்தன. தட்டுப்பாடு மெல்லக் குறைந்தது. தட்டுப்பாடு குறைந்தால் போலியும் குறையும் என்று நினைப்போம், அவ்வாறு நடக்கவில்லை. முன்பு கிடைக்காததால் மாற்றுச் சரக்கு விற்றது. பின்பு நல்ல பெயர் ஒன்று இருந்ததால் அப்பெயரைத் திருடிய சரக்கு விற்றது. டில்லி காஷ்மீரி கேட்டிலோ கரோல் பாக்கிலோ பாகம் வாங்கிய நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகிறது. பெயர் திருடப்பட்டால் பெயருடையவரைக் காக்க 1889-லேயே வாணிபச் சரக்குக் குறியீட்டுச் சட்டம் வந்துவிட்டது. பிறகு 1958-லும் 1999-லும் வணிகக் குறிச் சட்டங்கள் வந்தன. சாலையின் பக்கமோ, 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் பெரும்பாலும் வண்டியையும் உரிமையாளரையும் ஓட்டுநரையுமே நோக்கின. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பாகங்களுக்குத் தர அளவு விதிக்க வழி செய்ததாயினும், தரமற்ற உயிர்காப்புப் பாகத்தை விற்பவரை நேரே தண்டிக்கும் பிரிவு, 182-ஏ என்ற எண்ணோடு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அச்சட்டத்துள் இடம் பெற்றது. அரசு அவ்வாறு அறிவித்த பாகம் ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அது விதிக்கிறது. பெயரைக் காத்த சட்டத்துக்கும் ஓட்டுநரைக் காத்த சட்டத்துக்கும் இடையே 130 ஆண்டுகள்!

இது ஏழை நாட்டின் குறை மட்டுமன்று. ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில், வெப்பமும் ஈரமும் தாக்கிய வெடிப்பான்கள் உலோகச் சிதறல்களை ஓட்டுநர் மீதே வீசின. கோடிக்கணக்கானவை திரும்பப் பெறப்பட்டன. 2017-ல் அந்நிறுவனம் நொடித்தது. அது மூலத் தொழிற்சாலையின் பிழை. 2024-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுத்த எச்சரிக்கையோ, விபத்துக்குப் பிறகு பழுதுபார்த்தபோது மாட்டிய மலிவான மாற்று வெடிப்பான்களைப் பற்றியது. பிழைத்திருக்கக்கூடிய மோதல்களில் அவை உயிர்களைப் பறித்திருந்தன. பழைய காரை வாங்கியவர்க்குத் தம் முன்னே என்ன மாட்டியிருக்கிறது என்பதே தெரியாது. அங்கும், பாகத்தை வாங்கியவர் ஒருவர். அதன் முன்னே அமர்ந்தவர் வேறொருவர்.

பட்டறை வாசலில் நின்ற ஓட்டுநருக்கு வருவோம். அவர் தம் சட்டைப் பையிலிருந்து வழிச்செலவுக்கென்று கொடுத்திருந்த பேட்டாப் பணத்தை எடுத்து எண்ணினார். இரு விலைகளுக்கும் உள்ள வேற்றுமையைப் பட்டறைக்காரரின் கையில் வைத்து, "ஆசானே, நல்லதையே போடுங்க, முதலாளிக்குப் பாதி விலைக்கே பில் எழுதுங்க" என்றார். அன்றிரவு அவர் சோறு உண்டாரா என்பது எனக்குத் தெரியாது. பாகம் பூட்டி முடிந்ததும் காலிப் பெட்டியைக் கடைப் பையன் எடுத்துப் போகக் கை நீட்டினான். அதற்கும் விலை உண்டு. அசல் பெட்டியில் போலி புகுந்து மீண்டும் கடைக்கு வரும். ஓட்டுநர் அதைத் தாமே வாங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துத் தெருவில் போட்டார். மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகளுக்குக் குறைவில்லை. ஒன்று வந்து அட்டையை மெல்லத் தொடங்கியது. அது பெயர் அச்சிட்ட பக்கத்தை விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அவர் வண்டியில் ஏறினார்.