நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி

2012 டிசம்பர் 14: அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 16: டெல்லிப் பேருந்தில் ஒரு பெண்மீது நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையை நாம் மறக்கவில்லை. அங்கே ஒரு வழக்கு பிறந்தது. இங்கே ஒரு துப்பாக்கி பிறந்தது.

அதன் பெயர் 'நிர்பீக்'. 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள மத்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்டது. .32 ரக ரிவால்வர். கைப்பைக்குள் அடங்கும் அரைக்கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கென்றே செய்தார்களாம். அதனால் அதை நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்! திருப்பாதிரிப்புலியூர்ப் பெண் ஒருத்தி இதற்கு ஆசைப்பட்டிருந்தால் முதலில் கலெக்டரிடம் உரிமம், அதற்குமுன் போலீஸ் விசாரணை. அந்தக் காசுக்கு அன்றைக்கு அந்த ஊர் லாரன்ஸ் ரோட்டில் ஏறக்குறைய ஐந்து பவுன் எடுத்திருக்கலாம்; அதற்கும் ஒரு பெட்டி தருவார்கள்.

மணிப்பூரில் துப்பாக்கிக்குக் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்களோடு வேலை செய்யும் பினாலட்சுமி நேப்ராம் இதைக் கடுமையாக எதிர்த்தார். பத்திரிகைகள் எழுதின. விற்பனை நடந்தது.

அமெரிக்காவில், வாங்கியவர் செய்யும் குற்றத்துக்குத் துப்பாக்கி செய்தவரைப் பொறுப்பாக்க முடியாதபடி 2005-இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. சாண்டி ஹூக்கில் தங்கள் குடும்பத்தாரை இழந்தவர்கள் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: விளம்பரம். கொலைக்குப் பயன்பட்ட புஷ்மாஸ்டர் ரைஃபிளை, ஆண்பிள்ளை என்பதற்கான அத்தாட்சி போல ரெமிங்டன் நிறுவனம் விளம்பரப்படுத்தியிருந்தது. முறையற்ற வணிகத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின்படி அதைக் கேள்வி கேட்கலாம் என்று 2019 மார்ச்சில் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் சொன்னது, நான்குக்கு மூன்று என்ற கணக்கில். 2022 பிப்ரவரியில் ஒன்பது குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். கொடுத்தவை ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள். ரெமிங்டன் அதற்குள் திவாலாகியிருந்தது.

நம்மிடமும் 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொருளால் கேடு நேர்ந்தால் செய்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயம். ஆனால் பொருள் தவறாகப் பயன்பட்டிருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது என்கிறது 87-ஆம் பிரிவு. துப்பாக்கி வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். விற்பவர் அரசு என்றால் இன்னும் சங்கடம்: கான்பூரும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபரிலிருந்து ஒரே அரசு நிறுவனத்தின் கீழ். அபராதம் போடும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அரசுதான்.