மேய்ப்பும் கணக்கும்: செங்கல்பட்டு வட்டாரத் திருச்சபைகளில் மூப்பர் தேர்வு

செங்கல்பட்டு வட்டாரச் சபைகளில் ஆன்மப் பராமரிப்புக்கும் சொத்து நிர்வாகத்துக்கும் ஒரே ஆள்களை, ஒரே தேர்தலில், ஒரே தகுதியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். இதனால் மூப்பர் பொறுப்பு பெயரளவில் நின்றுவிட்டது, நிர்வாகமும் சீர்ப்படவில்லை. இரண்டையும் பிரித்து, வெவ்வேறு முறையில் ஆள் தேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வட்டாரத்துக்கு மூப்பர் ஆட்சிமுறையைக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்து மிஷன். 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பணி சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பரவியது. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது அவரும் உடனூழியரும் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் நின்றார்கள். நிலவுடைமையாளர் தமக்கு வேண்டிய ஆயரைச் சபையின்மேல் சுமத்தலாமா என்பதே அந்தப் பிளவின் மூல வழக்கு. ஏற்கவும் மறுக்கவும் சபைக்கு உரிமை உண்டென்று 450-க்கும் மேற்பட்ட ஆயர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் காத்த உரிமை செங்கல்பட்டுச் சேரிகளில் உருவான சபைகளுக்கு எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது?

1891-இல் ஆட்சியர் டிரெமன்ஹியர் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை, நிலமும் குடியிருப்பு மனையும் அவர்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதை அரசின் முன் வைத்தது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கும் 1892-ஆம் ஆண்டு அரசாணைக்கு வழிவகுத்தவற்றுள் அதுவும் ஒன்று. அதே காலத்தில் சுதந்திரத் திருச்சபை மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ நிலமற்ற கிறிஸ்தவர்களுக்காக ஆந்திரேயபுரம், மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றங்களை உருவாக்கினார். மிராசுதாரின் பிடியிலிருந்து மக்களை மீட்ட அந்தப் பணியை எந்த வரலாற்றாசிரியரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் நிலத்துக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் மிஷனையே நம்பியிருந்த சபையில், மிஷனரி சுட்டிய ஆளை வேண்டாம் என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? மறுக்க முடியாத இடத்தில் நடக்கும் தேர்வு, தேர்வாகாது. மிஷன் போன பிறகும் மேலே இருப்பவரின் ஆதரவைத் தகுதியாகக் கொள்ளும் பழக்கம் தங்கிவிட்டது.

மூப்பரின் வேலை என்ன என்பதையும் மறந்துவிட்டோம். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மூப்பருக்கும் இன்னின்ன வீடுகள் என்று ஒரு பகுதி ஒதுக்கப்படும். திருவிருந்து நெருங்கும்போது அந்த வீடுகளின் நிலையை அவர் விசாரித்து அறிந்திருக்க வேண்டும். யார் நோயில் கிடக்கிறார்கள், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பந்திக்கு வரத் தகுதியுள்ளோர் கையில் சிறிய ஈய வில்லை ஒன்று கொடுக்கப்படும். ஞாயிறன்று அதைக் காட்டித்தான் பந்தியில் அமரலாம். அந்த வில்லை முறையிலும் அதிகார வாடை உண்டு. அது திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பதில்சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் இருந்தார். நம் சபைகளில் இந்த வேலையைப் பட்டமின்றி, பல இடங்களில் மிகக் குறைந்த சம்பளத்தில், செய்தவர்கள் வேதாகமப் பெண்கள். வீடு வீடாகப் போனவர்களுக்கு ஆலோசனைக் கூட்டத்தில் நாற்காலி கிடைக்கவில்லை.

1908-இல் இச்சபைகளும் சேர்ந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையும் பிறந்தன. 1919-இல் சபை ஒன்றிப்புக்காகத் தரங்கம்பாடியில் கூடியவர்கள் வெளியிட்ட அறிக்கை சபையார், மூப்பர், பேராயர் என்ற மூன்று கூறுகளையும் ஒரே திருச்சபைக்குள் இணைக்க விழைந்தது. பேராயர் கூறு நிலைபெற்றது. சபையார் கூறு தேர்தலாக உருவெடுத்தது. மூப்பர் கூறுதான் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்குள் கரைந்தது. கமிட்டியின் நிகழ்ச்சி நிரலில் கட்டட நிதி, பள்ளி நியமனம், கல்லறை இடம், வாடகை எல்லாம் வரும். ஆறு மாதமாகக் கோயிலுக்கு வராத குடும்பத்தின் பெயர் எப்போதாவதுதான் வரும். பணமும் நியமனமும் கைக்கு வரும் பதவிக்கு அணி சேர்வதும், சாதிக் கணக்குப் பார்ப்பதும், தோற்றவர் நீதிமன்றம் போவதும் இயல்பாக நடக்கின்றன. இதைத் தனிமனிதரின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பொறுப்பின் அமைப்பே அப்படி.

தேர்தலே வேண்டாம் என்ற வழியும் இம்மாவட்டத்தில் உண்டு. சுவிசேஷகர் பக்த்சிங் 1941-இல் பல்லாவரம் மலையில் தம் தோழருடன் இரவெல்லாம் ஜெபித்த பின் சென்னையில் தொடங்கிய சபைகளில் சம்பள ஆயரும் இல்லை, வாக்குச்சீட்டும் இல்லை. வாழ்க்கையால் மேய்ப்பராக விளங்குபவரைச் சகோதரர்கள் அடையாளம் கண்டு ஏற்கிறார்கள். ஆன்மப் பராமரிப்புக்கு இது மிகப் பொருத்தமான வழி. ஆனால் ஒருவர் எப்போது விலக வேண்டும் என்பதற்கு இம்முறையில் தெளிவான விதி அமைவது கடினம். மாமல்லபுரக் கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்லுக்கு இருக்கும் கனத்தை அறிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். ஊர்ப் பெரியவரே சபைப் பெரியவரும் ஆகிவிட்டால், அவர் சொல்லை எதிர்ப்பவர் ஊரையும் சேர்த்து எதிர்க்க வேண்டியதாகிறது.

காலவரம்பு பற்றிய தயக்கம் ஸ்காட்லாந்திலேயே இருந்தது. 1560-இன் முதல் ஒழுங்குநூல் மூப்பரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நெடுங்காலம் இருந்தால் சபையின் உரிமையில் கை வைப்பார்கள் என்ற அச்சமே காரணம். 1578-இன் இரண்டாம் நூல் அதை ஆயுள் பொறுப்பாக்கியது. மிஷன் இங்கே கொண்டுவந்த மரபு இரண்டாவது. முதலாவதற்கு நெருங்கிய சிந்தனை நம் மண்ணில் அதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே கல்லில் ஏறியிருந்தது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைச் சொல்கிறேன். குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப் பகுதிகளிலும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும், எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் எடுப்பான், அதை விரித்த உள்ளங்கையில் வாங்கி எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70-ஐத் தாண்டியவரும், கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணரின் சபை; இன்றைய கிறிஸ்தவர்களில் பலருடைய முன்னோர் அந்தக் குடத்தின் அருகேகூட வந்திருக்க முடியாது. ஆகவே அதைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கிய விதியை ஒடுக்கப்பட்டவரின் சபை எடுத்துக்கொள்வதில் தவறென்ன?

குடவோலை வேதத்துக்குப் புறம்பு என்று யாரும் சொல்ல முடியாது. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டுப்போட்டே தெரிந்துகொள்ளப்பட்டார். எகிப்தின் காப்டிக் திருச்சபை 2012-இல் இரண்டாம் தவாத்ரோசைத் தன் தலைவராகத் தெரிந்துகொண்டபோதும், மூவர் பெயரிலிருந்து ஒன்றைக் கண் கட்டிய சிறுவன் எடுத்தான். பணிகளைப் பிரிப்பதற்கும் முன்மாதிரி உண்டு. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்பு எழுவரிடம் தனியே ஒப்படைக்கப்பட்டது. காணிக்கை கொண்டுபோகையில் பழி வராதபடி சபைகள் நியமித்த ஒருவர் உடன் வந்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

ஆகவே நிதிக் குழுவுக்குத் தகுதிப் பட்டியலைச் சபையே கூடி ஏற்கட்டும். அதிலிருந்து சீட்டெடுத்து ஆள் தேரட்டும். ஒரு முறை இருந்தவர் அடுத்த முறை ஒதுங்கட்டும். சீட்டுக்கு முன் பிரசாரம் பயன்படாது, பணமும் செல்லாது. மூப்பரை அந்தந்தப் பகுதி வீட்டாரே தெரிந்துகொள்ளட்டும். துக்க வீட்டுக்கு வந்தவர் யார், மருத்துவமனைக்கு உடன் வந்தவர் யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்; அவர்கள் சுட்டுகிறவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார், அதற்குச் சபை தயாராக வேண்டும். சிறிய கிராமச் சபையில் இத்தனை ஆளுக்கு எங்கே போவது என்பார்கள். இருபது வீடுள்ள சபைக்கு இரண்டு மூப்பரும் மூன்று கணக்காளரும் போதும்.

அடுத்த கமிட்டித் தேர்தல் அறிவிக்கப்படும்முன், ஒவ்வொரு சபையும் முந்தைய குழுவின் கணக்கைத் தமிழில், கோயில் வாசலில், எல்லாரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். ஒட்டாதவர்களின் பெயர் பட்டியலில் ஏறக் கூடாது.