வட்டத்தொட்டி: உறவில் விளைந்த ரசனை

தமிழ் இலக்கிய வரலாற்றை நூல்களின் வரலாறாகவே நாம் படித்தும் பயிற்றுவித்தும் வருகிறோம். யார் எந்த நூலை எந்த ஆண்டில் எழுதினார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. யார் யாரோடு அமர்ந்து பேசினார், யாருக்குக் கடிதம் எழுதினார் என்பதும் இலக்கிய வரலாறுதான். நெல்லைச் சீமையில் இதற்குச் சிறந்த சான்று, ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி.

சட்டம் படித்தும் வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டாதவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். 1920களில் திருநெல்வேலியில் அவரது வீட்டுத் தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினர். கூடிய இடமே கூட்டத்தின் பெயராயிற்று. சங்கங்களுக்குரிய சம்பிரதாயங்கள் அங்கில்லை. கம்பனில் ஒரு பாடலை எடுத்தால், அதன் சொல்லும் ஓசையும் கேட்போர் நெஞ்சில் இறங்கும்வரை டி.கே.சி. விடமாட்டார். பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேற, வட்டமும் அவரைத் தொடர்ந்தது. தாமிரபரணியைச் சென்று சேரும் சிற்றாற்றின் கரையில் அருவிக் குளியலும் விருந்தும் கவிதையும் ஒன்றாயின. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினர்.

நேரில் வர இயலாதவர்களுக்குக் கடிதம் சென்றது. நூல் எழுதுவதைவிடக் கடிதம் எழுதுவதே அவருக்கு உவப்பாக இருந்தது போலும். அன்று நண்பர்களுக்கு எழுதியவை இன்று நூலாகி, நம்மையும் அந்த வட்டத்தில் அமர்த்துகின்றன.

இவ்வுறவின் ஆழத்தைக் காட்டும் நிகழ்வு ஒன்றுண்டு. டி.கே.சி.யின் ஒரே மகன் தீத்தாரப்பன் இளவயதில் மறைந்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். மகனை இழந்த தந்தை அந்தப் பாடலின் கவிதையில் ஆறுதல் கண்டார். துயரத்தில் இருப்பவனுக்குக் கவிதை அனுப்புவது எளிதன்று. அதைக் கவிதையாகவே பெற்றுக்கொள்வது அதனினும் அரிது. இருவரும் பல்லாண்டு சேர்ந்து பயிற்றிய ரசனையே அன்று கைகொடுத்தது.

குறைகளையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்பன் பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என அவர் ஒதுக்கியதைப் புலவர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஒருவர் ரசனையே அளவுகோலாகும் இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஓய்வும் வசதியும் உடையோர்க்கே அந்த முற்றம் எளிதில் எட்டியது. விருந்தைப் புகழும் நாம், அடுக்களையில் உழைத்தோரை நினைப்பதும் குறைவே.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார், செப்டம்பரில் கவிமணி, டிசம்பரில் கல்கி. ஓராண்டுக்குள் வட்டத்தின் மூன்று தூண்கள் சாய்ந்தன. ஆயினும் அங்கு பெற்ற ரசனை அற்றுப்போகவில்லை. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் திரட்டி 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமானவர். பின்னர் ஊர் ஊராகக் கோயில்களைப் பற்றி எழுதினார். நீதிபதி எஸ். மகராஜன் டி.கே.சி.யின் ரசனை நெறியைப் பேச்சிலும் எழுத்திலும் தொடர்ந்தார்.

தொடர்புச் சாதனங்களுக்கு இன்று நமக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பாடலுக்காக ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்கும் நண்பர்கள் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறார்கள்? வாய்க்கவில்லையெனில், முற்றத்தைத் திறந்துவைக்க வேண்டியவர்கள் நாமே.