செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா: மூலம் பற்றிய வாதமும் சோதனை முறைகளின் வளர்ச்சியும்

ஆய்வகச் செல் வளர்ப்புகளில் மைக்கோபிளாஸ்மா குடியேறியிருப்பதை 1956ஆம் ஆண்டு ராபின்சன், விச்சல்ஹாசன், ராய்ஸ்மன் மூவரும் சயன்ஸ் இதழில் அறிவித்தனர். செல்சுவர் இல்லாத இந்த நுண்ணுயிரி ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை பெருகினாலும் ஊடகம் கலங்குவதில்லை. பெனிசிலின் தாக்குவது சுவர் உருவாக்கத்தை என்பதால் அம்மருந்து இதைத் தொடுவதில்லை. இதைக் கண்டறியும் முறைகளின் வரலாறு அகார், சாயம், பி.சி.ஆர். எனக் கருவிகளின் வரிசையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த வரிசையை முன்னகர்த்தியது, இந்த உயிரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அக்கேள்விக்கு முதலில் செல்வாக்குப் பெற்ற விடை எல் வடிவக் கொள்கை. 1935இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் எம்மி கிளீனெபெர்கர், ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிஃபார்மிஸ் வளர்ப்பில் சுவரற்ற ஒரு வடிவத்தைக் கண்டு அதற்கு எல்1 எனப் பெயரிட்டார். அது பாக்டீரியாவோடு கூடி வாழும் தனி உயிரி என அவர் கருதினார். அதே பாக்டீரியாவின் மாற்று உருவமே அது என்று லூயிஸ் டீனெஸ் வாதிட்டார். டீனெஸ் சொன்னதே சரி என்று பின்னர் உறுதியானது. பெனிசிலின் பட்டால் பல பாக்டீரியாக்கள் சுவரை இழந்து இப்படி மாறும் என்பதும் தெரியவந்தது. எல் வடிவத்தின் காலனியும் மைக்கோபிளாஸ்மாவின் காலனியும் அகாரில் ஏறத்தாழ ஒரே தோற்றம் தருபவை. செல் வளர்ப்பு ஊடகத்திலோ பெனிசிலின் பெரும்பாலும் இருந்தது. ஆகவே குடுவையில் காணப்படுவது மருந்தால் உருமாறிய சாதாரண பாக்டீரியாதான் என்ற முடிவு இயல்பாக எழுந்தது.

இந்த வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதற்குச் சாதகமாகத் தோன்றும் கணக்கை மைக்கேல் பரைல் பின்னாளில் தந்தார்: இடைவிடாமல் ஆன்டிபயாட்டிக்கில் வளர்ந்த வளர்ப்புகளில் 72 விழுக்காடு மாசுற்றிருந்தன, ஆன்டிபயாட்டிக் இல்லாதவற்றில் 7 விழுக்காடு மட்டுமே. மருந்து இருக்கும் இடத்தில் மாசு கூடுவதற்கு உருமாற்றமே காரணம் என இதைப் படிக்கலாம். ஆனால் இன்னொரு விளக்கமும் உண்டு. மருந்து இல்லாத குடுவையில் கைத்தவறு நேர்ந்தால் பாக்டீரியா மறுநாளே ஊடகத்தைக் கலக்கிவிடும். அந்த வளர்ப்பு குப்பைக்குப் போகும். மருந்துள்ள குடுவையில் அதே தவறால் புகுந்த பாக்டீரியா மடிய, உடன் புகுந்த மைக்கோபிளாஸ்மா தங்கிவிடும். இந்த இரு விளக்கங்களில் எது சரி என்று இக்கணக்கால் மட்டும் சொல்ல முடியாது.

தீர்வு சொல்வது இன்னொரு ஒப்பீடு. திசுவிலிருந்து நேரே எடுத்த முதல்நிலை வளர்ப்புகளில் மாசு மிகக் குறைவு, ஏறத்தாழ ஒரு விழுக்காடு. ஆண்டுக்கணக்கில் கைமாறிய தொடர் செல் வரிசைகளில்தான் 15 முதல் 35 விழுக்காடு வரை போகிறது. உடலின் சொந்த பாக்டீரியா பெனிசிலினால் உருமாறுவதே காரணமானால், அந்த பாக்டீரியாவை ஏந்திவரும் முதல்நிலை வளர்ப்புகளே முன்னணியில் நின்றிருக்க வேண்டும். உருமாற்றத்துக்குக் காலம் வேண்டும் என எதிர்வாதம் செய்யலாம். அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்தது 1965இல் ரோகுல், மெக்கீ, விட்லர், ஃபால்கோ ஆகியோர் செய்த நியூக்ளிக் அமில ஒப்பீடு. எல் வடிவங்கள் தத்தம் தாய் பாக்டீரியாவோடு பொருந்தின. மைக்கோபிளாஸ்மா இனங்கள் அப்படிப் பொருந்தவில்லை. தேர்ந்தெடுத்த சில இணைகளே சோதிக்கப்பட்டன என்பதால் கொள்கை இன்ன ஆண்டில் வீழ்ந்தது என்று நாள் குறிப்பது பொருந்தாது. 1980இல் வோஸ் குழுவினர், மைக்கோபிளாஸ்மாக்கள் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா மரபிலிருந்து சுருங்கி வந்தவை எனக் காட்டினர். எல் வடிவக் கொள்கை சொன்ன பாக்டீரியா உறவு பரிணாம கால அளவில் உண்மை. குடுவைக்குள் நடப்பதற்கு அது விளக்கமாகாது.

உருமாற்றம்தான் காரணம் என்றால் மூலப்பொருளைச் சோதிப்பதில் பயனில்லை. வெளியிலிருந்து வருகிறது என்றால் ஒவ்வொரு மூலத்தையும் தேடியாக வேண்டும். மாசாகக் கண்ட இனங்களும் புறத்தையே காட்டின: மைக்கோபிளாஸ்மா (சுருக்கமாக எம்.) ஒராலே மனித வாயில் வாழ்வது; எம். ஆர்ஜினினியும் அகோலிபிளாஸ்மா லெய்ட்லாவியும் மாட்டோடு தொடர்புடையவை, எம். ஹையோரைனிஸ் பன்றியின் மூக்கில் வாழ்வது. 1971இல் பரைலும் கெர்னும் சந்தையில் விற்ற மாட்டுச் சீரத்திலேயே எம். ஆர்ஜினினியைப் பிரித்தெடுத்தனர். 1976இல் ஜெரார்ட் மெக்காரிட்டி, மாசுற்ற வளர்ப்பைக் கையாண்ட பணிமேடையில் உயிருள்ள மைக்கோபிளாஸ்மா நாட்கணக்கில் தங்கி அடுத்த வளர்ப்புக்குத் தாவுவதைக் காட்டினார்.

இவ்வரலாற்றில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது எம். ஹையோரைனிஸின் ஒரு வகை. குதிரைச் சீரமும் ஈஸ்ட் சாறும் சேர்த்த அகாரில், ஆக்சிஜன் குறைந்த சூழலில், பொரித்த முட்டை போன்ற காலனி தோன்றுகிறதா எனப் பார்ப்பதே அதுவரை நம்பப்பட்ட சோதனை. 1973இல் ஹாப்ஸ், மேயர், பரைல், டெல்ஜூடிசே ஆகியோர், அகாரில் ஒரு காலனியும் தராத வளர்ப்புகளிலும் மைக்கோபிளாஸ்மா இருப்பதற்குச் சான்று தந்து, அவற்றை வளர்க்க இயலாதவை என்றனர். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1980இல் டெல்ஜூடிசேயும் உடனாய்வாளர்களும் மாற்றிய ஊடகத்தில் அவற்றை வளர்த்துக் காட்டினர். ஊட்டத்துக்காகச் சேர்த்த ஈஸ்ட் சாறு, பெப்டோன் போன்ற கூறுகளே இவ்வகையைத் தடுத்திருந்தன. 1995இல் கார்டெல்லாவும் டெல்ஜூடிசேயும் ஆல்ஃபா எனப் பெயரிட்ட இதே வகையைப் பகுதிச் செயற்கை ஊடகத்தில் வளர்த்தனர். ஆக, வளராமை அந்த உயிரியின் இயல்பன்று, ஊடகத்தின் குறை.

பன்றியின் உயிரி மாட்டுச் சீரத்தில் வளர்த்த செல்லுக்கு எப்படி வந்தது? பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் டிரிப்சின்மேல் ஐயம் விழுவது இயல்பு. ஆனால் பரைல் இதே இனத்தை மாட்டுச் சீரத்திலிருந்தும் பிரித்திருக்கிறார். மாடும் பன்றியும் ஒரே இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்படுவதால், சேகரிக்கும்போதே சீரம் மாசுற்றது என்ற விளக்கம் வலுவானது. இருப்பினும், ஒரு குறிப்பிட்ட செல் வரிசைக்குள் அது எப்போது நுழைந்தது என்பதைப் பெரும்பாலும் நிறுவ முடியாது.

அகாரில் தோன்றாததைக் காண டி.என்.ஏ.வையே ஒளிரச்செய்யும் வழி பிறந்தது. 1975இல் ரஸ்ஸல் குழுவினர் டி.ஏ.பி.ஐ. சாயத்தையும், 1977இல் சென் ஹோக்ஸ்ட் 33258 சாயத்தையும் பயன்படுத்தினர். தூய செல்லில் உட்கரு மட்டும் ஒளிரும். மாசுற்றதில் உட்கருவுக்கு வெளியேயும் நுண்புள்ளிகள் தெரியும். மாதிரியை முதலில் வீரோ போன்ற காட்டிச் செல்லில் சில நாள் வளர்த்துவிட்டுச் சாயமிட்டால் குறைந்த எண்ணிக்கையும் பெருகிக் கண்ணில் படும். இறந்த செல்களின் டி.என்.ஏ. துணுக்குகளும் ஒளிரும் என்பது இம்முறையின் குறை.

பி.சி.ஆர். வந்தபின் சில மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. ஆனால் இறந்த உயிரியின் டி.என்.ஏ.வையும் அது காட்டும். ஐரோப்பிய மருந்து நூல் 28 நாள் வரை நீளும் ஊடக வளர்ப்பையும் காட்டிச் செல் முறையையும் ஒருசேரக் கேட்பதோடு, உணர்திறன் நிறுவப்பட்டால் நியூக்ளிக் அமில முறையையும் மாற்றாக ஏற்கிறது. அந்த இரட்டைக் கோரிக்கையை வெறும் மிகைக் கவனமாகக் கொள்ளலாகாது. ஹையோரைனிஸ் கற்பித்த பாடம் அதன் பின்னே இருக்கிறது. ஆகவே ஒரு செல் வரிசை தூயது என அறிவிக்கும் ஆய்வாளர், எந்த ஊடகத்தில், எந்த முறையில், எத்தனை நாள் சோதித்தார் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.