எட்டு ஜி.பி. சிப்பும் நான்கு ஆண்டு வாரண்டியும்

காருக்குள் தொடுதிரை முதலில் வந்தது மின்சாரக் காரோடு அல்ல. 1986இல் அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் தன் ரிவியரா காரின் டேஷ்போர்டில் ஒரு குட்டி டிவியையே பதித்துவிட்டது. பழைய டிவிப் பெட்டியில் இருந்த அதே படக்குழாய்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். ரேடியோ, ஏ.சி., பயணக் கணக்கு, எஞ்சினின் நிலவரம் எல்லாம் அதற்குள் அடக்கம். விரல் பட்டதும் ‘பீப்’ என்று ஒலிக்கும். ஏ.சி.யைக் கூட்டிக் குறைப்பதற்குக்கூடச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். 1988இல் ரியாட்டா என்ற இரண்டு இருக்கைக் காரிலும் அதே திரை வந்தது. 1990 மாடலில் இரண்டு கார்களிலிருந்தும் திரை போய், பொத்தான்கள் திரும்பி வந்தன.

அந்த அனுபவத்தை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 2012 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா தன் முதல் மாடல் எஸ் கார்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தபோது, எல்லோர் கண்ணும் போனது நெட்டுக்குத்தாக நின்ற 17 அங்குலத் திரையின் மேல்தான். டேஷ்போர்டில் மிஞ்சியிருந்த பொத்தான்கள் இரண்டே இரண்டு: அபாய விளக்குக்கு ஒன்று, க்ளவ் பாக்ஸைத் திறக்க ஒன்று. ஏ.சி., கண்ணாடியின் பனிமூட்டம் நீக்குவது, பின்பக்கக் கேமரா, வரைபடம், பாட்டு அனைத்தும் திரைக்குள் போய்விட்டன.

திரைக்குப் பின்னால் இருந்த கணினியில் என்விடியாவின் டெக்ரா 3 செயலி. அதனுடன் ஒரு சின்ன பலகையில், விரல்நகம் அளவே உள்ள 8 ஜி.பி. நினைவகச் சிப் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. இதன் பெயர் இஎம்எம்சி. அன்றைய கைபேசிகள் பலவற்றில் இருந்ததும் இதே வகைதான். இந்த வகைச் சிப்பில் எழுதுவதும் அழிப்பதும் சிலேட்டில் எழுதி அழிப்பதைப் போல அல்ல. ஒவ்வொரு அழிப்பும் சிப்பைக் கொஞ்சம் தேய்க்கிறது. டெஸ்லா பயன்படுத்திய சிப் ஏறக்குறைய 3,000 முறை தாங்கும். காரின் லினக்ஸ் மென்பொருளோ தான் செய்வதை எல்லாம் ஓயாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதியை யாரும் திறந்துகூடப் பார்க்கப்போவதில்லை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சிப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒரு நாளைக்கு 1.4 முறை எழுதி அழிக்கப்பட்டால், 3,000 முறை முடிய ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க அரசிடம் சொன்னது டெஸ்லாவேதான். காரின் அடிப்படை வாரண்டி நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல். அந்த வேகத்தில், வாரண்டி முடிந்து ஓரிரு ஆண்டில் சிப் தீர்ந்துபோகும். இதைத் திட்டமிட்ட சதி என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த இரண்டு எண்களே முடிவுசெய்துவிட்டன.

சிப்பின் சாவு திடீரென்று வராது. முதலில் வரைபடம் திணறும். பிறகு பாட்டு நின்று நின்று வரும். ஸ்டீயரிங்கில் உள்ள இரண்டு உருளைகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து மீண்டும் எழும். உரிமையாளர்களுக்கு அது அன்றாட வேலையாகிவிடும். கடைசியில் ஒருநாள் எழாது. வேகமானி தனித் திரையில் இருப்பதால் கார் ஓடும். பின்பக்கம் தெரியாது, கண்ணாடியில் பனி படர்ந்தால் நீக்க வழியில்லை, இண்டிகேட்டரின் ‘டிக் டிக்’ சத்தம்கூட வராது.

கம்பெனி சர்வீஸ் மையத்தில் சிப்பை மட்டும் மாற்றித் தரும் வழக்கம் அப்போது இல்லை. கணினிப் பெட்டியையே மாற்றினார்கள். பில் ஆயிரக்கணக்கான டாலரில் வந்தது. 2020 மார்ச்சில் பழைய கார்களுக்குப் புதிய கணினியைப் பொருத்தும் திட்டம் ஒன்றை டெஸ்லா அறிவித்தது: 2,500 டாலர். இதற்கிடையே சில தனியார் பட்டறைகள் வேறு வழி கண்டுபிடித்தன. பெட்டியைக் கழற்றி, சூடான காற்றை ஊதி, சிப்பின் அடியில் உள்ள பற்றாசுப் பொட்டுகள் இளகியதும் அதைத் தூக்கி எடுப்பார்கள். முழுசாகச் சாவதற்குள் அதிலுள்ள தகவலைப் படித்துப் புதுச் சிப்பில் ஏற்ற வேண்டும். அந்தக் காருக்கே உரிய ரகசியச் சாவிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அவை போனால் கம்பெனியின் சர்வருடன் கார் பேசாது. ஆகவே, திரை இருட்டும்வரை காத்திருந்தவரைவிட, திணறும்போதே ஓடி வந்தவருக்குச் செலவு குறைவு.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸா 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கியது. நவம்பரில் அது திரட்டியிருந்த கணக்கில் வாரண்டிக்குள் 7,777 பழுதுகள், வாரண்டிக்கு வெளியே 4,746. அந்த மாதமே டெஸ்லா சிப்புக்கு மட்டும் வாரண்டியை எட்டு ஆண்டு அல்லது 100,000 மைலாக நீட்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2012 ஜூனில் கார் வாங்கிய முதல் வாடிக்கையாளர்களுக்கு அந்த எட்டு ஆண்டு ஐந்து மாதம் முன்பே முடிந்திருந்தது.

நிட்ஸா இதை ஏற்கவில்லை. 2021 ஜனவரி 13 அன்று, சுமார் 158,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி கடிதம் எழுதியது. பின்பக்கக் கேமராவும் பனிமூட்ட நீக்கியும் சட்டத்துக்கு உட்பட்ட பாதுகாப்புச் சாதனங்கள் என்பது அதன் வாதம். டெஸ்லா திரும்ப அழைக்கச் சம்மதித்தாலும், இது குறைபாடு என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தகைய சிப் காரின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் சாத்தியமில்லை என்றது. கேமரா இல்லாவிட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், பனி படர்ந்தால் கையால் துடைக்கலாம் என்றும் பதில் எழுதியது. எதிர்காலக் கார் என்று விற்கப்பட்ட வண்டிக்குக் கடைசியில் கைக்குட்டை சிபாரிசு! பிப்ரவரியில் 134,951 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன: 2018 மார்ச்சுக்கு முன் தயாரான மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள். 64 ஜி.பி. சிப் கொண்ட சிறு பலகை இலவசமாகப் பொருத்தப்பட்டது. முன்பே கைக்காசு கொடுத்துச் சரிசெய்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி செய்யப்பட்டது.

ஆனால் அது சிப்புக்கு மட்டும்தான். வெயிலில் திரையின் ஓரங்கள் மஞ்சளாவது, ஒட்டும் பசை கசிவது போன்ற புகார்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் 3ஜி சேவையை நிறுத்தியது. 2015 நடுவுக்கு முன் தயாரான மாடல் எஸ்களில் இருந்ததோ 3ஜி மோடம். புதுச் சிப்பை இலவசமாகப் பெற்று முடித்த காருக்கும், திரையில் நேரடி வரைபடம் ஓட வேண்டுமானால் புது மோடத்துக்கு 200 டாலர் கட்ட வேண்டியிருந்தது.